பழத்தோலில் இருந்து மனிதத்தோலுக்கு

ஜப்பானிய மருந்துக்கடைகளின் அழகுப்பொருள் அலமாரியில் யூசு என்ற எலுமிச்சை இனப் பழத்தின் படம் போட்ட குப்பிகள் நிறைய இருக்கும். அவற்றில் இரண்டை எடுத்துப் பின்பக்கத்துச் சேர்பொருள் பட்டியலைப் படித்தால் ஒரு புதிர் எழும். ஒன்றில் யூசுப் பழச்சத்து என்று தெளிவாக அச்சிட்டிருக்கும், ஆனால் திறந்து முகர்ந்தால் எந்த மணமும் வராது. மற்றது மூடியைத் திருகும்போதே யூசு மணக்கும். அதன் பட்டியலிலோ யூசுப் பழச்சத்து இருக்காது, ‘நறுமணப்பொருள்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். பழம் இருக்கும் இடத்தில் மணம் இல்லை, மணம் இருக்கும் இடத்தில் பழச்சத்து இல்லை. இரண்டு தயாரிப்பாளர்களுமே பொய் சொல்லவில்லை.

முதலில் பழத்தைப் பார்ப்போம். யூசு கிட்டத்தட்ட சாத்துக்குடி அளவு இருக்கும். மஞ்சள் தோல், மேடும் பள்ளமுமாய்த் தடித்திருக்கும். அறுத்தால் சாறு கொஞ்சம்தான். அதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது விதைகள், ஒரு பழத்தில் இருபதுக்கு மேல்கூட. சீனத்து யாங்சி ஆற்றின் மேற்பகுதியில் தோன்றி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஜப்பானுக்கு வந்த பழம் இது. பனியைத் தாங்கும் ஒரு காட்டு எலுமிச்சைக்கும் கமலா வகைப் பழத்துக்கும் பிறந்த கலப்பு என்று கருதப்படுகிறது. அதனால்தான் மற்ற ஆரஞ்சு வகைகள் கருகிவிடும் குளிரிலும் இது காய்க்கிறது. ஜப்பானின் யூசுவில் ஏறக்குறைய பாதி ஷிகோகு தீவின் கோச்சி மாவட்டத்து மலைச்சரிவுகளில் விளைகிறது. டிசம்பர் 21 அல்லது 22 அன்று, ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளில், முழுப் பழங்களை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிப்பது ஜப்பானின் பழைய எடோ ஆட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கம். பொதுக் குளியலகங்களிலும் அன்று பழங்கள் மிதக்கும். யூசு தோலுக்கு நல்லது என்ற நம்பிக்கை இந்தத் தொட்டியில் ஊறி வளர்ந்தது.

பழத்தின் தோலை மடித்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் பீச்சியடிக்கும். சுடருக்கு அருகே செய்து பார்த்தால் அவை சடசடவென்று பொறியாகும், ஏனென்றால் அவை எண்ணெய். மேல்தோலின் மஞ்சள் பகுதியில் நுண்ணிய பைகளில் அது அடைபட்டிருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சுப் பகுதியில் எண்ணெய் இல்லை. அங்கே பெக்டின் என்ற கூழ்ப்பொருளும், ஹெஸ்பெரிடின், கசக்கும் நாரிஞ்சின் முதலிய ஃபிளேவனாய்டு என்ற தாவரப்பொருள்களும் இருக்கின்றன. சாற்றில் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும். விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு படலம், விதைக்குள் கொழுப்பெண்ணெய். ஒரே பழத்தில் இத்தனை வேதிப்பொருள்கள். இவற்றில் எது குப்பிக்குள் வரும்?

அதைத் தீர்மானிப்பது பழம் அல்ல, கரைப்பான். எந்தத் திரவத்தில் ஒரு பொருளை ஊறவைத்துச் சத்தை இறக்குகிறோமோ அதுதான் கரைப்பான். ரசம் வைக்கும்போது புளியைத் தண்ணீரில் கரைக்கிறோம், பெருங்காயத்தையும் கறிவேப்பிலையையும் நெய்யில் தாளிக்கிறோம். புளியின் அமிலம் தண்ணீரோடு சேரும், நெய்யோடு ஒட்டாது. பெருங்காயத்தின் மணம் நெய்யில் இறங்கும், வெறும் தண்ணீரில் அரைகுறையாகத்தான் இறங்கும். யூசுவுக்கும் இதே விதிதான். தண்ணீரையும் தண்ணீரோடு இணங்கும் திரவங்களையும் கொண்டு இறக்கினால் அமிலங்கள், சர்க்கரைகள், ஃபிளேவனாய்டுகள், கொஞ்சம் பெக்டின் வரும். மண எண்ணெய் வராது.

அழகுப்பொருள் தொழிலில் பெரிதும் புழங்கும் கரைப்பான் பியூட்டிலீன் கிளைகால். நிறமற்ற, லேசான பிசுபிசுப்புள்ள திரவம். அது தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், நுண்ணுயிர்களையும் ஓரளவு தடுக்கும். நறுக்கிய பழத்தை இந்தத் திரவமும் தண்ணீரும் சேர்ந்த கலவையில் ஊறவைத்து, வடிகட்டி, படிய விட்டு, மறுபடி வடிகட்டுகிறார்கள். நிறமும் வாசனையும் மிச்சமிருந்தால் அதையும் நீக்குவது உண்டு. தயாரிப்பாளர் விரும்பும் நிறமும் மணமும் பிறகு தனியே சேர்க்கப்படும், மூலப்பொருள் அதில் குறுக்கிடக் கூடாது. இப்படிக் கிடைப்பதை இந்தக் கட்டுரையில் ‘பிரிசாறு’ என்போம். பிழிந்தால் வருவது சாறு, கரைப்பான் பிரித்தெடுத்துக் கொடுப்பது பிரிசாறு. மணமற்ற குப்பியின் கணக்கு இத்துடன் நேராகிவிட்டது.

மணமுள்ள குப்பிக்கு வேறு வழி. தோலை நேரடியாக அழுத்தி எண்ணெயை எடுக்கலாம், அல்லது ஆவிவடிப்பு செய்யலாம். எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அது தனியாகக் கொதிக்க ஏறக்குறைய 176 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்த வெப்பத்தில் நுட்பமான மணங்கள் சிதைந்துவிடும். ஆனால் கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால், தண்ணீரின் ஆவி தள்ளுவதும் எண்ணெயின் ஆவி தள்ளுவதும் கூடிக் காற்றழுத்தத்தை எட்டிவிடுகின்றன. ஆகவே 100 டிகிரிக்குக் கீழேயே இரண்டும் சேர்ந்து கொதித்து வெளியேறும். குளிர வைத்தால் எண்ணெய் மேலே தனியே மிதக்கும். அதை வழித்தெடுத்தால் போதும்.

அந்த எண்ணெயில் யூசுவை யூசுவாக்குவது எது? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். வளிம நிறப்பகுப்பு என்ற முறையில் எண்ணெயை ஆவியாக்கி, மிக நீளமான மெல்லிய குழாய்க்குள் செலுத்துகிறார்கள். குழாயின் உட்பூச்சில் சில மூலக்கூறுகள் அதிக நேரம் தங்கும், சில விரைவில் கடந்துவிடும். மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது கருவி அளவைக் குறிக்கும். அப்படி அளந்தால் யூசு எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லிமோனீன், அடுத்து பத்தில் ஒரு பங்கு அளவில் காமா டெர்பினீன், பிறகு பற்பல சில்லறைகள். ஆனால் ஆரஞ்சுத் தோலிலும் எலுமிச்சைத் தோலிலும் லிமோனீன்தான் ஆட்சி செய்கிறது. அளவில் பெரியது மணத்தை விளக்கவில்லை.

ஆய்வாளர்கள் குழாயின் முனையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கிளை கருவிக்குப் போகும், மற்றது ஒரு கண்ணாடிப் புனலுக்கு. புனலில் பயிற்சி பெற்ற ஒருவர் மூக்கை வைத்து உட்கார்ந்து, எந்த நொடியில் என்ன வாசனை வருகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். பிறகு எண்ணெயை நீர்த்துப்போகச் செய்து மறுபடி, இன்னும் நீர்த்து மறுபடி. ஒவ்வொரு சுற்றிலும் பல மணங்கள் மறைந்துகொண்டே வரும். கடைசிவரை மறையாமல் நிற்பவைதான் சிறிதளவிலேயே மூக்கை எட்டும் பொருள்கள். சில இடங்களில் கருவியின் கோடு அசையாது கிடக்கும், ஆனால் மூக்கு ‘இதோ’ என்னும். 2009-இல் டி. ஹசெகாவா என்ற ஜப்பானிய நறுமண நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த முறையில் யூசுத் தோலெண்ணெயில் அதுவரை அறியப்படாத மணப்பொருள்களை வெளியிட்டார்கள். 11 கரி அணுக்கள் கொண்ட ஒரு கீட்டோன் அவற்றில் ஒன்று. மிக நுண்ணிய அளவில் மட்டுமே இருந்தும் யூசுவின் தனித்தன்மைக்குக் காரணமாவதால் அதற்கு யூசுனோன் என்று பெயரிட்டார்கள். கருவியை மட்டும் நம்பியிருந்தால் லிமோனீனோடு நின்றிருப்பார்கள்.

இனி மணமற்ற பிரிசாறு தோலுக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். விளம்பரங்களில் முதலில் வருவது வைட்டமின் சி. யூசுவில் அது உண்மையிலேயே அதிகம்: ஜப்பானிய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் தோலில் 160 மில்லிகிராம், சாற்றில் 40. வைட்டமின் சி தோலில் பூசினால் பயன் தரும் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. ஆக, யூசு பூசினால் பயன் என்று முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். அளவைப் பார்த்தால்தான் பிசகு தெரியும்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001-இல் பன்றித் தோலில் அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சி-யை, பல செறிவுகளில் பூசிப் பார்த்தது. அது உள்ளே போக, கரைசல் 3.5-க்கும் குறைந்த பி.எச். அளவில், அதாவது நல்ல புளிப்போடு, இருக்க வேண்டியிருந்தது. செறிவு 20 சதவீதத்தைத் தொடும்வரை தோலில் சேரும் அளவு கூடிக்கொண்டே போனது. யூசுத் தோலையே அரைத்துக் குப்பி நிறைய அடைத்தாலும் வைட்டமின் சி 0.16 சதவீதம்தான். பிரிசாற்றில் அதற்கும் வெகு கீழே. திடப்பொருள் 1 சதவீதம் உள்ள பிரிசாற்றை ஒரு முகத்திரவத்தில் 1 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் குப்பி முழுவதற்கும் பழத்திலிருந்து வந்தது மொத்தமாக 10 மில்லிகிராம். அதில் வைட்டமின் சி எவ்வளவு இருக்க முடியும்? இருப்பதும் தண்ணீரில் காற்றுப் பட்டால் வாரக்கணக்கில் சிதைந்துபோகும்.

ஜப்பானியத் தொழில்துறைக்கு இது நன்றாகவே தெரியும். ஓகயாமாவின் ஹயாஷிபாரா நிறுவனமும் அவ்வூர்ப் பல்கலைக்கழகமும் வைட்டமின் சி மூலக்கூறோடு ஒரு குளுக்கோஸை நொதியால் ஒட்டவைத்து அதை நிலைப்படுத்தும் வழியை உருவாக்கின. அஸ்கார்பில் குளுக்கோசைடு என்ற அந்தப் பொருள் 1990-களிலிருந்து ஜப்பானிய அழகுப்பொருள்களில் புழங்குகிறது. ஒரு யூசுக் குப்பியில் வைட்டமின் சி பெரிய எழுத்தில் இருந்தால், பட்டியலில் இந்தப் பெயரோ இதன் உறவுப் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்வது அதுவாக இருக்கும், மஞ்சள் பழம் அல்ல. ஜப்பானில் 2001 முதல் எல்லாச் சேர்பொருளையும் அச்சிட வேண்டும். அளவின் இறங்குவரிசையில் வரும், 1 சதவீதத்துக்கு உட்பட்டவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். பட்டியலின் வால்பகுதியில் தாவரப் பெயர்கள் கூட்டமாக நிற்பதன் காரணம் இதுதான்.

ஃபிளேவனாய்டுகள் என்ன ஆகின்றன? கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்மேல் ஹெஸ்பெரிடினை விட்டால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது தெரிகிறது. அங்கே செல்லுக்கும் மருந்துக்கும் நடுவே எதுவும் இல்லை. நம் உடலில் நடுவே கொம்புப் படலம் இருக்கிறது: இறந்து தட்டையான செல்கள் அடுக்கடுக்காகவும், இடுக்குகளில் கொழுப்பு நிறைந்தும் இருக்கும் மேலடுக்கு. முன்கையில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் நீரை உள்ளே விடாததும் உடலின் நீரை வெளியே விடாததும் அதுதான். 2000-இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த போஸ், மைனார்டி என்ற இருவர், தோல் ஒவ்வாமை தூண்டுபவையும் பூச்சு மருந்துகளாகப் பலிப்பவையும் பெரும்பாலும் 500 டால்டனுக்கு உட்பட்ட எடையுடையவை என்று காட்டினார்கள். ஒரு டால்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை. லிமோனீன் 136, வைட்டமின் சி 176, ஹெஸ்பெரிடின் 610. எடை மட்டுமே எல்லாம் அல்ல. வைட்டமின் சி சிறியதாக இருந்தும் நீர்விரும்பியாக இருப்பதால் கொழுப்பு இடுக்குகளில் திணறுகிறது. லிமோனீன் சிறியதும் கொழுப்புவிரும்பியுமாக இருப்பதால் சுலபமாக நுழைகிறது.

உள்ளே போனதா என்பதை எப்படி அறிகிறார்கள்? ஒரு முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பொருளைப் பூசி, காத்திருந்து, துடைத்துவிட்டு, அதே இடத்தில் பசைநாடாவை ஒட்டி உரிக்க வேண்டும். ஒவ்வொரு உரிப்பிலும் கொம்புப் படலத்தின் ஓர் அடுக்கு வெண்பொடியாக நாடாவில் வந்துவிடும். இருபது, முப்பது நாடாக்களை வரிசை எண் போட்டு வைத்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று அளந்தால், எந்த ஆழம்வரை சென்றது என்ற வரைபடம் கிடைத்துவிடும். இன்னொன்று 1975-இல் தாமஸ் ஃபிரான்ஸ் விவரித்த கண்ணாடிக் கலம். இரண்டு அறைகளுக்கு நடுவே தோல் துண்டை இறுக்கி, மேலே பொருளைப் பூசி, கீழே வெதுவெதுப்பான திரவத்தை வைத்து, மணிக்கொரு முறை கீழிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். ‘ஆழமாக ஊடுருவும்’ என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எதைச் செய்து பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பிரிசாறு வேலை செய்கிறது என்று தெரிந்தபோதும், அதில் எது வேலை செய்கிறது என்பது தனிக் கேள்வி. யூசுவின் உறவுக்காரப் பழம் ஒன்று இதில் கடுமையான பாடம் தந்தது. கிரேப்ஃப்ரூட் விதைப் பிரிசாறு இயற்கையான கிருமிநாசினி என்று உலகெங்கும் விற்றது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் சந்தையில் இருந்த 6 பிரிசாறுகளைச் சோதித்தார்கள். அவற்றில் 5 பிரிசாறுகள் கிருமிகளைக் கொன்றன, அந்த ஐந்திலும் பென்செதோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. அது இல்லாத ஆறாவது பிரிசாறு எந்தக் கிருமியையும் கொல்லவில்லை. யூசு மேல் இத்தகைய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் தாவரத்தின் பெயரில் வரும் எந்தப் பலனுக்கும், அந்தத் தாவரப்பொருளை மட்டும் நீக்கிய கலவையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பியூட்டிலீன் கிளைகாலும் கிளிசரினும் தாங்களாகவே தோலை மென்மையாக்கும்.

பழத்தில் நேரடியாகக் கண்ணால் காணக்கூடிய ஒரு வேலை விதையில் நடக்கிறது. ஜப்பானிய வீடுகளில் யூசு விதைகளைக் கழுவாமல் அப்படியே ஒரு சீசாவில் போட்டு ஷோச்சு என்ற சாராயத்தையோ தண்ணீரையோ ஊற்றி வைப்பார்கள். சில நாளில் திரவம் தடித்து, கரண்டியில் எடுத்தால் இழையாக வழியும். விதையைச் சுற்றியிருந்த வழவழப்பு பெக்டின்தான். நூற்றுக்கணக்கான சர்க்கரை அமில அலகுகள் கோத்த சங்கிலி, ஒவ்வொரு அலகும் நீரைப் பற்றிக்கொள்ளும். கைகளில் தடவினால் மெல்லிய ஈரப்படலம் நிற்கும். பெக்டினின் எடை பல்லாயிரம் டால்டன், கொம்புப் படலத்தைத் தாண்ட வழியே இல்லை. தாண்ட வேண்டிய தேவையும் இல்லை, ஈரம் தேவைப்படுவது மேலேதான். ஜப்பானியச் சட்டம் அழகுப்பொருள்களுக்கு 56 வகைப் பலன்களை மட்டுமே சொல்ல அனுமதிக்கிறது. அவற்றில் தோலுக்கு ஈரம் தருவதும் ஒன்று. யூசு கூசாமல் உரிமை கொண்டாடக்கூடிய பலன் இது. வீட்டில் செய்யும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: பதங்காப்பி இல்லாத இந்தத் திரவம், தண்ணீரில் செய்ததானால், குளிர்பெட்டியில்கூட சில நாள்தான் தாங்கும்.

சாறு பிழிந்தபின் மலைபோல மிஞ்சுவதும் விதையும் தோலும்தான். கோச்சியில் ஆயிரம் பேருக்கும் குறைவானவர்கள் வாழும் உமாஜி என்ற காட்டுக் கிராமம், யூசு பானங்களாலேயே நாடு முழுவதும் பெயர் பெற்றது. அதன் வேளாண் கூட்டுறவு, கோச்சி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஆராய்ந்து, விதையெண்ணெயிலிருந்து சோப்பும் களிம்பும் செய்து விற்கிறது. கொட்டிவிடவேண்டியது கிராமத்துக்கு வருமானமாவது நல்ல காரியம். அழகுப்பொருள்களில் யூசு பரவியதற்கு இந்தக் கழிவுக் கணக்கும் ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

மண எண்ணெயிலும் கவனம் வேண்டும். லிமோனீன் புதிதாக இருக்கும்போது தோலைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. காற்றோடு கலந்து ஹைட்ரோபெராக்சைடாக மாறியபின் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஸ்வீடனின் கோதன்பர்கில் ஆன்-தெரேஸ் கார்ல்பெர்க் குழு நிறுவிய உண்மை இது. அதனால்தான் ஐரோப்பாவில், தோலில் தங்கும் பூச்சில் லிமோனீன் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயரைப் பட்டியலில் அச்சிட வேண்டும். பழைய யூசு எண்ணெய்ச் சீசாவைத் தோலில் பூச எடுக்காதீர்கள். குளிர்காலக் குளியலில் சிலருக்குத் தோல் சுரீரென்பதும் பெரும்பாலும் லிமோனீனின் வேலை. குழந்தைகளின் தொட்டியில் பழத்தை அறுக்காமல் முழுதாக விடுவது நல்லது.

மீதி இருப்பது மணத்தின் வேலை, அது தோலையே தொடவேண்டாத வேலை. தமாகி மட்சுமோதோ குழு இளம் பெண்களை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. யூசு மணத்தை 10 நிமிடம் முகர்ந்தபின் அவர்கள் எச்சிலில் குரோமோகிரானின் ஏ என்ற மன அழுத்தச் சுட்டி குறைந்திருந்தது. வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டார்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், மணத்தை முகர்பவர் தான் எதை முகர்கிறோம் என்று அறிந்தே இருப்பார். ஆகவே அடுத்து அதே குழு யூசுவை லாவெண்டரோடு ஒப்பிட்டது. இரண்டும் இதமளித்தன, குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. லாவெண்டரில் மிகுந்தும் யூசுவில் கொஞ்சமாகவும் இருக்கும் லினலூல் என்ற பொருள் இரண்டுக்கும் பொது. இதம் லினலூலால் வந்ததா, பிடித்த வாசனை எதுவானாலும் வந்துவிடுமா என்பதைப் பிரித்தறிய, லினலூல் துளியும் இல்லாத, ஆனால் அதே அளவு பிடித்த மூன்றாவது ஒரு மணத்தையும் சேர்த்து முகரவைக்க வேண்டும்.